தூங்கும் செடிக்கு அரை லிட்டர்

கிரேனோ, 26 அக்டோபர் 1987

உறுப்பினர் எண் 14, தோரா முங்க் அவர்களுக்கு,

இம்மாதம் 22ஆம் தேதி வியாழக்கிழமை மாலை கூடிய நமது ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கத்தின் பொதுக்குழு, மூன்று மணி பத்து நிமிட விவாதத்துக்கும் இரண்டு காபி இடைவேளைகளுக்கும் பிறகு, சங்கத்தின் முப்பத்தொரு ஆண்டு வரலாற்றில் எட்டப்படாத ஒரு முடிவை எட்டியது என்பதைத் தலைவர் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன். நவம்பர் முதல் தேதி தொடங்கி, சங்கத்தின் கண்ணாடி வீட்டில் உள்ள அறுபத்தொரு தொட்டிகளுக்கும், செடி எந்த இனம், எந்த நாடு, என்ன வயது என்று பாராமல், சனிக்கிழமைதோறும் தலா அரை லிட்டர் தண்ணீர் ஊற்றப்படும். ஆதரவு பத்தொன்பது, எதிர்ப்பு நான்கு. முடிவு அறிவிக்கப்பட்டபோது சிலர் எழுந்து நின்றார்கள். பிறகு பாடினோம்.

தீர்மானத்தைக் கொண்டுவந்த பொருளாளர் வில்லாட்ஸ் க்ரோக்கின் வாதத்தைக் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்: “ஒரு தொட்டிக்கு ஊத்துவோம், பக்கத்துத் தொட்டிக்கு ஊத்த மாட்டோம்னா அதுக்கு என்னங்க பேரு? நாம என்ன கடலுக்கு அந்தப் பக்கத்து ஸ்வீடன்காரங்களா?”

உங்கள் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டும் இதில் அடங்கும். விதி 9-ஐயும் நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். தொடர்ந்து இரண்டு பெந்தெகொஸ்தே திருநாள் கண்காட்சிகளில் பூக்காத செடி கத்தியால் பிரிக்கப்பட்டு, சீட்டுக் குலுக்கி உறுப்பினர்களுக்குப் பங்கிடப்படும். சென்ற கண்காட்சியில் உங்கள் செடி ஒரு பூவும் பூக்கவில்லை. வரும் மே மாதம் அதற்கு இரண்டாவது வாய்ப்பு.

எஸ்கில் முங்க்
தலைவர்

பி.கு. அக்கா, கோபப்படாதே. விடுதிக்கு ஃபோன் செய்தேன். யாரோ ஒரு ஆள் எடுத்து, “தோரா ஃபோன்ல பேச மாட்டாங்களாம், எழுதச் சொன்னாங்க” என்றார். பின்னால் உன் குரல் கேட்டது.

•

அன்ஹோல்ட், 2 நவம்பர் 1987

எஸ்கில்,

இந்த விடுதியின் ஃபோன் மதுக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதில் உன்னைத் திட்டினால் தீவு முழுக்கக் கேட்கும். படகுத்துறையைச் செப்பனிட வந்திருக்கும் பதினெட்டு பேருக்கு அந்த வேலை முடியும்வரை சமைக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். நாடகம் போட இல்லை.

உங்கள் மூன்று மணி பத்து நிமிடத்தில் ஒருவராவது எழுந்துபோய் செடியைப் பார்த்தீர்களா? நான் படகேறுவதற்கு முந்தின நாள் பார்த்தேன். பழைய தண்டுகளில் இலை மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. வேர் நுனிகளில் கோடை முழுக்க இருந்த பச்சை மூடிக்கொண்டு, வெள்ளைத் தோல் போர்த்திவிட்டது. அதாவது செடி கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டது. அது வந்த மலையில் குளிர்காலம் முழுக்க மழை கிடையாது. அங்கே யாரும் பொதுக்குழு கூட்டி மழை பெய்ய வைப்பதும் கிடையாது.

தூங்குகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்ற குளிர்காலமும் நான் இங்கே இருந்தேன். நீங்கள் எல்லோரும் “பாவம், காயுதே” என்று ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினீர்கள். இருபத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு கரண்டி, யாருக்கும் தெரியாமல். பூ வரவேண்டிய ஒவ்வொரு கணுவிலும் குட்டிச்செடி வந்தது. செடி பூக்க மறுக்கவில்லை. நீங்கள்தான் எழுப்பிவிட்டீர்கள்.

கப்பல் சமையல்காரர் ஒருவர் கொடுத்த ஒற்றைத் தண்டிலிருந்து இருபத்திரண்டு வருடம் வளர்த்தது அது. இப்போது அறுபது தண்டுக்கு மேல். ஒரு துண்டு கொடு, ஒரு துண்டு கொடு என்று வில்லாட்ஸ் ஒன்பது வருடமாகக் கேட்கிறார். நான் கொடுக்கவில்லை. இப்போது அவருக்குச் சமத்துவத்தின் மேல் திடீர் பாசம் வந்திருக்கிறது.

என் செடிக்கு ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. கணுவில் மொட்டு பட்டாணி அளவு திரளும்வரை. குளிர் இருக்கட்டும், வெளிச்சம் இருக்கட்டும், தண்ணீர் வேண்டாம். இத்துடன் ஒரு அட்டை அனுப்புகிறேன். தொட்டியில் குத்தி வை.

தோரா

•

கிரேனோ, 9 நவம்பர் 1987

உறுப்பினர் எண் 14 அவர்களுக்கு,

7ஆம் தேதி சனிக்கிழமை முதல் சமநீர் வழங்கல் ஒழுங்காக நடந்தேறியது. கண்காட்சிவரை எல்லாச் சனிக்கிழமைகளின் பொறுப்பையும் நானே ஏற்றிருக்கிறேன். அளவுக் குவளையால் ஊற்றி, ஒவ்வொரு தொட்டிக்கும் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். உங்கள் செடிக்கும் ஊற்றினேன்.

தாங்கள் அனுப்பிய “தூங்குகிறது, தொடாதே” என்ற அட்டையை, அனுமதி பெறாத அறிவிப்புப் பலகை என்ற காரணத்தால், மறுநாள் அகற்றவேண்டி வந்தது. அதைப் பார்த்த வில்லாட்ஸ், “செடி தூங்குதுன்னா நாம என்ன தாலாட்டா பாடணும்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன்.

ஒரு வழி இருக்கிறது. விதி 12-இன்படி, நோயுற்ற செடிக்கு நீர் விலக்கு உண்டு. இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். “நோயுற்றது” என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், எந்தக் கூட்டமும் வேண்டாம், யாருக்கும் மனவருத்தம் இல்லை.

எஸ்கில் முங்க்
தலைவர்

பி.கு. தண்ணீர் ஊற்றும்போது வேர்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. ஊற்றியதும் கொஞ்ச நேரம் பச்சையானது. தூங்குகிறவரின் முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. சீக்கிரம் கையெழுத்துப் போடு.

•

அன்ஹோல்ட், 16 நவம்பர் 1987

எஸ்கில்,

உன் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். “நோயுற்றது” என்ற சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் “ஆரோக்கியமானது, தூங்குகிறது” என்று எழுதியிருக்கிறேன். இதை உன் கோப்பில் வைத்துக்கொள்.

என் செடிக்கு நோய் கிடையாது. உங்கள் கண்ணாடி வீட்டிலேயே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய நேரத்தில் செய்கிற ஒரே ஆள் அதுதான். அதைப் போய் நோயாளி என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அதைச் சும்மா விடுவீர்கள் என்றால், நான் எழுத மாட்டேன். பொய் சொல்லிக் கெஞ்சி வாங்குகிற அனுமதி எனக்கு வேண்டாம். ஊற்றாதே என்று கேட்கவில்லை, ஊற்றாதே என்று சொல்கிறேன்.

நேற்று வேலையாட்களில் ஒருவர், மேற்கு யோட்லான்ட் கிராமத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “எங்க ஊர்ல கரடிக்குக்கூட குளிர்காலத்துல சோறு வைக்க மாட்டாங்க” என்றார். யோட்லான்டில் கரடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “அதான் சொல்றேன், அவ்வளவு கவனமா இருக்கோம்” என்றார். உன் பத்தொன்பது பேரைவிட அவர் விஷயம் தெரிந்தவர்.

நீ தலைவர். குவளை உன் கையில் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ப்பது என்று நீயே முடிவு செய். ஏழு வயதிலிருந்து நாலு பேர் சிரித்தால் கூடச் சிரிக்கிறாய். ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, எஸ்கில்.

இன்னொரு அட்டை வைத்திருக்கிறேன். அகற்றினால் அடுத்த படகில் அடுத்தது வரும். இங்கே அட்டைக்குப் பஞ்சமில்லை, முட்டை வருகிற பெட்டிகள் எல்லாம் அட்டைதான்.

தோரா

•

கிரேனோ, 30 நவம்பர் 1987

உறுப்பினர் எண் 14 அவர்களுக்கு,

நவம்பர் 14, 21, 28 ஆகிய சனிக்கிழமைகளில் தொட்டி எண் 14-க்கு அரை லிட்டர் வழங்கப்பட்டதாகப் பதிவேட்டில் உள்ளது.

அட்டைகள் நான்கும் வந்து சேர்ந்தன. அகற்றப்பட்டன.

எஸ்கில் முங்க்
தலைவர்

பி.கு. வில்லாட்ஸ், “தலைவரே, சனிக்கிழமை சனிக்கிழமை கோட்டுப் பை ஏன் நனைஞ்சிருக்கு?” என்று கேட்டார். மூடி சரியில்லாத குடுவை என்று சொன்னேன். அது உண்மைதான்.

•

கிரேனோ, 18 ஜனவரி 1988

அக்கா,

இதைத் தலைவராக எழுதவில்லை. தண்டுகள் சுருங்கிவிட்டன. கிறிஸ்துமஸ்வரை விரல் தடிமனாக, வழவழப்பாக இருந்தவை இப்போது நீள நீளமாக வரி விழுந்து, கையுறை கழற்றிய கிழவர் விரல் மாதிரி இருக்கின்றன. இலை ஒன்றுகூட இல்லை. பக்கத்துத் தொட்டிகள் எல்லாம் பச்சைப்பசேலென்று தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுவே உன் செடி அடுப்புக்கு எடுத்து வைத்த சுள்ளிக் கட்டு மாதிரி நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை குவளையைப் பத்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செத்துவிட்டால் உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உடனே எழுது. பனிக்கட்டியால் படகு நிற்கும் என்கிறார்கள்.

எஸ்கில்

•

அன்ஹோல்ட், 22 ஜனவரி 1988

எஸ்கில்,

தண்ணீர் குடிக்கிற செடி சுருங்காது. ஆகவே நீ ஊற்றவில்லை. உன் கடிதத்தைச் சமையலறையில் இரண்டு முறை படித்தேன், வெங்காயம் கருகிவிட்டது. பதினெட்டு பேரும் கருகின வெங்காயத்தைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

கேட்டுக்கொள். சுருங்கட்டும். கோடையில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டு தூங்குகிறது. தண்டை அடியில் பிடித்து லேசாக அழுத்து. கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும், அது தண்ணீர் ஊற்றின செடிக்கு வருவது. பிப்ரவரியில் கணுக்களில் அரிசி மணி மாதிரி ஏதோ தள்ளும். அப்போது உனக்குக் கை அரிக்கும். ஊற்றாதே. அந்த நேரத்தில் ஊற்றினால் அந்த மணி பூவாவதா குட்டியாவதா என்று யோசித்துக் குட்டியாகிவிடும். பட்டாணி ஆகட்டும். அப்புறம் ஒரு கரண்டி, மறுவாரம் இரண்டு கரண்டி.

பதிவேட்டில் என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

தோரா

•

கிரேனோ, 1 மார்ச் 1988

அக்கா,

பட்டாணி.

எஸ்கில்

•

கிரேனோ, 24 மே 1988

அக்கா,

பெந்தெகொஸ்தே ஞாயிறு கண்காட்சி முடிந்தது. உன் செடியில் நூற்று அறுபத்து மூன்று பூ. நானே எண்ணினேன், பிறகு நம் சங்கத்துத் தபால்காரர் ஒருமுறை எண்ணினார், அவருக்கு நூற்று அறுபத்து நாலு வந்தது. ஓரம் ஊதா, நடுவில் வெள்ளை, தொண்டையில் அரக்குச் சிவப்பு. தண்டே தெரியவில்லை. கதவைத் திறந்ததும் தேன் வாசனை. சின்ன வயதில் தேவாலயத்தில் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். விதி 9 இனி உன் செடியைத் தொட முடியாது. முதல் பரிசு உனக்குத்தான். கோப்பை என்னிடம் இருக்கிறது.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரிசளிப்பில் வில்லாட்ஸ் பேசினார். கையில் பதிவேடு. “இருபத்தொன்பது சனிக்கிழமை! இருபத்தொன்பது அரை லிட்டர்! ஒரு வாரம்கூட விடல, தலைவர் கையெழுத்து இருக்கு. செடி தூங்குது, தூங்குதுன்னு அட்டை மேல அட்டையா அனுப்புனாங்களே, அவங்க வந்து பாக்கட்டும். தண்ணி குடுத்தா பூக்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம்!” கைதட்டினார்கள்.

மற்ற அறுபது தொட்டிகளில் பூத்தவை ஒன்பது, அவை எந்தக் காலத்திலும் தூங்காத சாதி. இருபத்திரண்டு அடியில் அழுகிவிட்டன. மீதியில் குட்டிச்செடிகள். அவற்றுக்கு அரை லிட்டர் போதவில்லை என்று வில்லாட்ஸ் முடிவு கட்டியிருக்கிறார். உன் செடி பெரியது, அதனால் சமாளித்துக்கொண்டதாம். இனி தொட்டிக்கு ஒரு லிட்டர் என்ற தீர்மானம் ஜூன் 2 கூட்டத்தில் வருகிறது. உன் செடிதான் ஆதாரம்.

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டேன்.

எஸ்கில்

•

அன்ஹோல்ட், 27 மே 1988

எஸ்கில்,

ஜனவரியில் நான் கேட்டிருக்க வேண்டும். பதிவேட்டில் என்ன எழுதுகிறாய் என்று. கேட்காமல் விட்டது என் கோழைத்தனம், உன்னுடையதோடு சேர்த்து எழுதிக்கொள்.

நான் ஏன் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நினைத்தாய்? பொய் சொல்லி என் செடியைக் காப்பாற்றினால், அடுத்த வருடம் அந்தப் பொய்யே விதியாகிவிடும் என்றுதான். ஆகிவிட்டது. என் செடி மேசை மேல் உட்கார்ந்து மற்ற அறுபது செடிக்கும் எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. தூங்கவிட்டதால் பூத்த செடியைக் காட்டி, இனி எதையும் தூங்கவிட மாட்டோம் என்று கைதட்டுகிறார்கள்.

ஜூன் 2ஆம் தேதி எழுந்து நின்று உண்மையைச் சொல். குறிப்பேட்டில் ஏறும்படி சத்தமாகச் சொல். செடியை வெட்டினால் வெட்டட்டும். இருபத்து மூன்று துண்டும் தூங்கித்தான் பூத்தது என்று தெரிந்துகொண்டு வெட்டட்டும்.

நானே வந்து சொல்லிவிடலாம். ஆனால் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து இல்லை.

கோப்பையைத் திருப்பிக் கொடு.

தோரா

•

கிரேனோ, 4 ஜூன் 1988

அக்கா,

சொன்னேன்.

உன் செடியைத் தலைவர் மேசையில், என் முன்னால்தான் வைத்திருந்தார்கள். பிந்திப் பூத்த கடைசித் தண்டுகளில் நாற்பது ஐம்பது பூ இன்னும் இருந்தது. ஒரு லிட்டர் தீர்மானத்தை வில்லாட்ஸ் படித்து முடித்ததும் எழுந்தேன். கோப்பையை மேசையில் வைத்தேன்.

“நான் ஊத்தல. நவம்பர் ஏழாம் தேதி ஊத்துனேன். அதுக்கப்புறம் மார்ச் வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தல. அளந்தேன், குடுவைல புடிச்சேன், வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுக்கப்புறமும் கரண்டிக் கணக்குதான். பதிவேட்டுல இருக்கறது பொய். தூங்கவிட்டேன், அதான் பூத்துச்சு. எங்க அக்கா சொன்னது சரி. குறிப்பேட்டுல எழுதிக்கோங்க.”

யாரோ கேக்கை மெல்வதை நிறுத்தினார்கள்.

“அப்ப இந்தப் பூ?” என்றார் வில்லாட்ஸ்.

“ஊத்தாததால வந்த பூ.”

“அதாவது விதிய மீறி வந்த பூ.”

“பூ விதியெல்லாம் படிக்கறதில்ல, வில்லாட்ஸ்.”

“விதிய மீறி வந்தது கணக்குல வராது. கணக்குல வரலன்னா பூக்கல. பூக்கலன்னா ரெண்டு வருஷம் ஆச்சு. விதி ஒம்பது.”

தபால்காரர் எழுந்து, “யோவ், கண்ணு முன்னாடி இருக்குதேய்யா” என்றார். “இருக்கறது வேற, செல்லுபடியாகறது வேற, நீங்க ஸ்டாம்ப் இல்லாத கடிதத்தக் குடுப்பீங்களா?” என்று வில்லாட்ஸ் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். தபால்காரரை அந்த இடத்தில் அடித்தால் எழ முடியாது.

தொட்டி எண் 14 இவ்வாண்டு பூக்கவில்லை என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. பூக்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளை எண்ணுவதற்காக வில்லாட்ஸ் தொட்டியை இரண்டு முறை நகர்த்த வேண்டியிருந்தது. ஆதரவு பதினாறு, எதிர்ப்பு ஆறு. பூக்கவில்லை என்று முடிவாயிற்று. நகர்த்தியதில் ஏழெட்டுப் பூ உதிர்ந்து தீர்மானத் தாளின் மேல் கிடந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு கேக் வெட்டின கத்தியைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

அக்கா, நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். முகத்தில் எல்லாம் பூ, வழி தெரியவில்லை. “நகருங்க” என்றேன்.

“தலைவரே, கூட்டம் முடியல!”

“எனக்கு முடிஞ்சுது.”

“இது சங்கத்தோட சொத்து!”

“இது தோராவோட செடி. வெட்டணும்னா என் கைய முதல்ல வெட்டுங்க. எது எந்தப் பங்குன்னு சீட்டுக் குலுக்கிக்கோங்க.”

வில்லாட்ஸ் கதவுக்கு முன்னால் நின்றார். நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் பயந்திருப்பேன். அவர்தான் நகர்ந்தார். தபால்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

செடி இப்போது என் சமையலறை மேசையில், முழுசாக இருக்கிறது. தொட்டியில் ஒரு வேர்கூட உடையவில்லை. நான் ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், மேசையில் இடமில்லை. செவ்வாய்க்கிழமைப் படகில் கொண்டுவருகிறேன். உன் விடுதியில் வெளிச்சம் விழுகிற, சூடேற்றாத தாழ்வாரம் இருக்கிறதா என்று பார்த்து வை, அக்டோபரில் தேவைப்படும்.

நான் வெளியே போன பிறகு நடந்ததைத் தபால்காரர் நேற்றுக் காலை கடிதங்களோடு வந்து சொன்னார். உன்னையும் என்னையும் நீக்கிவிட்டார்கள். என் வாக்குமூலம் குறிப்பேட்டில் ஏறவில்லை; சொன்னவர் கூட்டம் முடியும்வரை இருக்கவில்லை என்பதால் செல்லாதாம். வில்லாட்ஸ் தலைவர். நவம்பர் முதல் தேதியிலிருந்து தொட்டிக்கு ஒரு லிட்டர்.

எஸ்கில்